ஸ்பிரிங் சாலைக்கு, பார் வளைவுக்கு

பழைய காரைப் புதுப்பித்து முடித்தவர்கள் பெரும்பாலும் அடுத்துக் கைவைப்பது சஸ்பென்ஷனில்தான். வளைவில் வண்டி சாய்கிறது. சாய்வு கண்ணுக்கும் தெரிகிறது, உட்கார்ந்திருப்பவரின் தோளுக்கும் தெரிகிறது. ஆகவே குட்டையான, விறைப்பான நான்கு ஸ்பிரிங்குகளையும் முன்னுக்கும் பின்னுக்கும் தடித்த ஆன்டி ரோல் பார்களையும் (இடவலச் சக்கரங்களை இணைத்துச் சாய்வை எதிர்க்கும் கம்பிகள்) ஒரே செட்டாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். சாய்வு குறைந்துவிடும், சந்தேகமில்லை. கூடவே மேடுபள்ளமான வளைவில் பின்சக்கரங்கள் துள்ளி வெளியே நகர்கின்றன. மழையில் முன்சக்கரங்கள் திருப்பிய பக்கம் போக மறுக்கின்றன. நூறு கிலோமீட்டர் ஓட்டினால் முதுகு வலிக்கிறது. இவையெல்லாம் பழைய வண்டியின் குணம் என்று பொறுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை தவறான வரிசையில் முடிவெடுத்ததன் விளைவு. ஸ்பிரிங்கை ஓடப்போகும் சாலையும் சக்கரம் ஏறி இறங்கக் கிடைக்கும் இடமும் முடிவு செய்ய வேண்டும். சாய்வைக் கட்டுப்படுத்துவதும், அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டுப்பாட்டை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுவதும் பாரின் வேலை. இரண்டையும் குழப்பி, சாய்வைக் குறைப்பதற்காக ஸ்பிரிங்கை விறைப்பாக்குவதே பழைய கார்களின் ஓட்டத்தைக் கெடுக்கும் முதல் காரணம் என்பது என் கருத்து.

ஸ்பிரிங்கின் விறைப்பைத் தனி எண்ணாகப் பேசுவதில் பயனில்லை. 600 கிலோ எடையுள்ள லோட்டஸ் எலானுக்கு விறைப்பாக இருப்பது, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடையுள்ள ஜாகுவாருக்குக் குழைவாக இருக்கும். ஒப்பிடத் தகுந்த அளவு, வண்டியின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மேல் ஒரு நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதுதான். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எடையை, சக்கரத்தின் இடத்தில் அளந்த விறைப்பால் வகுத்தால், அந்த எடைக்குச் சக்கரம் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கும் என்று கிடைக்கும். 5 என்ற எண்ணை அந்த அமுக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அதிர்வெண் ஏறத்தாழ வந்துவிடும். 25 செ.மீ. அமுங்கினால் 1 ஹெர்ட்ஸ், 16 செ.மீ. என்றால் 1.25, 11 செ.மீ. என்றால் 1.5, வெறும் 6.25 செ.மீ. என்றால் 2 ஹெர்ட்ஸ். சொகுசுக் கார்கள் 1 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். சாலையில் ஓட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு 1.25 முதல் 1.5 வரை போதுமானது. 2 ஹெர்ட்ஸ் பந்தயத் தளத்தின் கணக்கு. ஒரு முன்மூலையில் 250 கிலோ நிற்கும் காரை எடுத்துக்கொள்வோம். 1.25 ஹெர்ட்ஸுக்குச் சக்கரத்தில் தேவையான விறைப்பு சென்டிமீட்டருக்கு 16 கிலோ அளவு. 2 ஹெர்ட்ஸுக்கு 40 கிலோ. அதிர்வெண் 60 சதவீதம்தான் கூடுகிறது, விறைப்போ இரண்டரை மடங்காகிறது. ஸ்பிரிங் கேட்டலாக்கில் ஓரிரு படி மேலே போவதாகத் தோன்றுவது, வண்டிக்குள் உட்கார்ந்தவருக்கு வேறு வண்டியாகிவிடுவது இதனால்தான்.

இதில் பலர் தவறவிடும் ஒன்று நெம்புகோல் விகிதம். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பதில்லை. கீழ்க்கையின் பாதி நீளத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கும். சக்கரம் 2 செ.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 1 செ.மீ. மட்டுமே அமுங்கினால், சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதி அல்ல, கால் பங்கு. விகிதம் விசையிலும் நகர்விலும் இருமுறை வேலை செய்வதால் அதை வர்க்கப்படுத்தித்தான் பெருக்க வேண்டும். ஆகவே மேலே சொன்ன 16 கிலோ சக்கரத்தில் வேண்டுமென்றால் ஸ்பிரிங் 64 கிலோ விறைப்புள்ளதாக இருக்க வேண்டும். ஒரு மாடலுக்குப் பொருந்திய ஸ்பிரிங் எண்ணை வேறொரு மாடலுக்கு எடுத்துச்செல்வது எவ்வளவு பொருளற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முன் ஸ்பிரிங், பின் ஸ்பிரிங் இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதைக் காட்டியவர் மாரிஸ் ஆலி. ரோல்ஸ் ராய்ஸின் அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து 1930இல் காடிலாக்குக்கு வந்த இந்த ஆங்கிலேயப் பொறியாளர், எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய சோதனை வண்டி ஒன்றை வைத்து, எந்த முன்பின் இணைப்பில் பயணம் சமதளமாக இருக்கிறது என்று பார்த்தார். அதுவரை முன் ஸ்பிரிங் விறைப்பாகவும் பின்னது குழைவாகவும் இருப்பதே வழக்கம். ஆலியின் முடிவு அதற்கு நேர்மாறானது: முன்புறம் மெதுவாகவும் பின்புறம் சற்று வேகமாகவும் ஆட வேண்டும். காரணம் நேரம். மேடு முதலில் முன்சக்கரத்தைத் தொடுகிறது. 2.31 மீட்டர் சக்கர இடைவெளி கொண்ட எம்.ஜி.பி. கார் 80 கி.மீ. வேகத்தில் போனால் அதே மேட்டைப் பின்சக்கரம் தொடுவதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். இல்லாவிட்டால் வண்டி முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடும். பின் அதிர்வெண் முன்னதைவிட 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக இருப்பது நல்ல தொடக்கம். எஞ்சினுக்கு அடியில் விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டிவிட்டுப் பின்னால் பழைய லீஃப் ஸ்பிரிங்கை அப்படியே விடுபவர்கள் இந்த இயல்பான ஒழுங்கைத் தலைகீழாக்குகிறார்கள்.

இனி சாய்வுக்கு வருவோம். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை நகர்வது, வண்டி சாய்வதால்தான் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது உண்மையல்ல. 1,000 கிலோ எடை, அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், 1.25 மீட்டர் சக்கர அகலம் உள்ள ஒரு காரை 0.6 ஜி பக்கவாட்டு முடுக்கத்தில் வளைத்தால் 240 கிலோ வெளிப்பக்கம் நகரும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இரும்புக் கட்டையை வைத்தாலும் அதே 240 கிலோதான். சாய்வினால் ஈர்ப்பு மையமே சற்று வெளியே தள்ளப்படுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 5 டிகிரி சாய்வில் அது இரண்டரை சென்டிமீட்டர் அளவே நகரும். அதனால் கூடுவது 20 கிலோ, அதாவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாய்வு குறைந்தால் பிடிமானம் தானாகக் கூடிவிடும் என்பதற்கு இந்த 20 கிலோவில் இடமில்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. 1948இல் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி வளைவில் கவிழ்ந்துவிடுமோ என்று பார்ப்பவர் பதறும் அளவுக்குச் சாயும். குண்டும் குழியுமான கிராமத்துச் சாலையில் அதன் சக்கரங்கள் தரையை விடுவதும் அபூர்வம். பெஜோ 404 நீண்ட, குழைவான சஸ்பென்ஷனோடு கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை 1963லும், பிறகு 1966 முதல் 1968 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்தும் வென்றது. 1962இன் லோட்டஸ் எலான், கைப்பிடிப்பில் இன்றும் அளவுகோலாகப் பேசப்படும் கார். அதன் ஸ்பிரிங்குகள் வியப்பூட்டும் அளவுக்கு மென்மையானவை. அதை உருவாக்கிய காலின் சாப்மனின் தீர்வு, மென்மையான ஸ்பிரிங்கை நல்ல ஷாக் அப்சார்பரின் கட்டுப்பாட்டில் விட்டு, சக்கரத்துக்குத் தாராளமாக ஏறி இறங்க இடம் தந்ததுதான். பிடிமானம் என்பது டயர் தரையோடு சேர்ந்திருக்கும் நேரத்தின் கணக்கு. விறைப்பான ஸ்பிரிங் அந்த நேரத்தைத்தான் முதலில் குறைக்கிறது.

அப்படியானால் ஆன்டி ரோல் பார் எதற்கு? மொத்தமாக நகரும் 240 கிலோவை அது மாற்றுவதில்லை. அதில் முன் ஆக்சிலுக்கு எவ்வளவு, பின் ஆக்சிலுக்கு எவ்வளவு என்பதை மாற்றுகிறது. டயரின் மேல் எடை இரட்டிப்பானால் அதன் பக்கவாட்டுப் பிடி இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே ஓர் ஆக்சிலின் இரு டயர்களுக்கிடையே எடை வித்தியாசம் பெருகப் பெருக, அந்த ஜோடியின் மொத்தப் பிடி இறங்குகிறது. முன்னால் தடித்த பார் போட்டால் முன் ஜோடி முதலில் கைவிடும், வண்டி நேரே போகப் பார்க்கும். பின்னால் போட்டால் பின்பக்கம் வீசும். சஸ்பென்ஷனில் வண்டியின் குணத்தை இவ்வளவு மலிவாக மாற்றக்கூடிய பாகம் வேறில்லை. பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 16 மி.மீ. பாரை 19 ஆக்கினால் விறைப்பு இரு மடங்கு. 22 ஆக்கினால் மூன்றரை மடங்கு. மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைப்பவர் வண்டியின் சமநிலையையே புரட்டிப்போட்டிருப்பார்.

பாரின் இன்னொரு நற்குணம் அது வேண்டாத நேரத்தில் ஒதுங்கிக்கொள்வது. ஓர் ஆக்சிலின் சாய்வு விறைப்பைப் பாரைக் கொண்டு 50 சதவீதம் கூட்டினோம் என்று கொள்வோம். இரு சக்கரங்களும் ஒன்றாக ஒரு மேட்டில் ஏறினால் பார் முறுகுவதே இல்லை. பழைய மென்மை அப்படியே இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் அந்தச் சக்கரத்துக்கு விறைப்பு 25 சதவீதம் கூடும். அதே சாய்வுக் கட்டுப்பாட்டை ஸ்பிரிங்கால் அடைய நினைத்தால் மூன்று நிலைகளிலும் முழு 50 சதவீதத்தையும் சுமக்க வேண்டும். பார் இலவசமல்ல, ஒரு பக்கத்துக் குழியின் அடியை மறுபக்கத்துக்கும் கொண்டுசெல்லும், உடைந்த சாலையில் தலையை இடவலமாக ஆட்டும். ஆனால் ஸ்பிரிங் கேட்கும் விலையில் பாதிக்குள் வேலையை முடிக்கிறது.

எம்.ஜி.பி.யின் கதை இதற்கு எவரும் திட்டமிடாத ஒரு சோதனை. 1962இல் வந்த அந்தக் கார் முன்புறச் சுருள் ஸ்பிரிங்கும் பின்புற லீஃப் ஸ்பிரிங்கும் கொண்ட எளிய வண்டி. அதன் ஓட்டத்தை யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. 1974இன் இறுதியில் அமெரிக்க விதிகளுக்காகக் கனத்த ரப்பர் பம்பர்கள் வந்தன, வண்டியின் உயரம் ஓரங்குல அளவுக்கு ஏற்றப்பட்டது, செலவைக் குறைக்க முன்புற ஆன்டி ரோல் பாரும் கழற்றப்பட்டது. எடை மேலே போயிற்று, சாய்வைத் தாங்கும் கம்பி போயிற்று. நேற்றுவரை நன்றாக ஓடிய கார் தள்ளாடத் தொடங்கியது. 1977 மாடலுக்கு நிறுவனம் சஸ்பென்ஷனைத் திருத்தியபோது முன்பார் திரும்ப வந்தது, பின்புறத்திலும் ஒரு பார் சேர்ந்தது. கெட்டுப்போன குணத்தில் பெரும்பகுதி மீண்டது. தொழிற்சாலையே வண்டியின் சாய்வுக்குப் பாரைத்தான் மருந்தாகக் கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பின்பார் எல்லா வண்டிக்கும் நல்லதல்ல. இங்கேதான் கடையில் விற்கும் செட்டுகளின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் மிகுதி. பின்புறம் ஒரே தண்டாக இருக்கும் ஆக்சிலில், உள்பக்கச் சக்கரத்தைப் பார் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது அந்தச் சக்கரம் வெறுமனே சுழலும். தனியாக ஆடும் சக்கரமாக இருந்தும் டிஃபரென்ஷியலை ஒட்டி மட்டுமே மூட்டு உள்ள ஸ்விங் ஆக்சில் வண்டிகளில் நிலைமை இன்னும் ஆபத்தானது. அங்கே பின்பக்கத்தில் சாய்வு விறைப்பைக் கூட்டினால், கடும் வளைவில் உடல் மேலெழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கிவிடும். இந்த வகையைச் சேர்ந்த செவ்ரலே கோர்வேர் 1960இல் முன்பார் இல்லாமல் வந்து, 1965இல் வெளியான ரால்ஃப் நேடரின் வாகனப் பாதுகாப்புப் புத்தகத்தால் அவப்பெயர் பெற்றது. அந்தப் புத்தகம் வருவதற்கு முன்பே, 1964 மாடலில், நிறுவனம் முன்னால் பார் போட்டு, பின் ஸ்பிரிங்குகளை மென்மையாக்கி, குறுக்கே ஒரு லீஃப் ஸ்பிரிங்கும் வைத்திருந்தது. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரில் 1970இல் செய்த மாற்றம் இதைவிட நேர்த்தியானது: குறுக்கு லீஃப் அடுக்கில் அடிப்பட்டையை மட்டும் டிஃபரென்ஷியலோடு இறுக்கிவிட்டு மற்றவற்றை நடுவில் சுழல விட்டார்கள். எடையை முழு அடுக்கும் தாங்கும், சாய்வை எதிர்ப்பது ஒரு பட்டை மட்டுமே. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1967 மாடலில் பின்னால் வைத்த கம்பியோ, இரு சக்கரங்களும் சேர்ந்து அமுங்கும்போது வேலை செய்து, சாய்வில் சும்மா இருக்கும்; ஆன்டி ரோல் பாரின் நேர் எதிர். மூன்று நாட்டுப் பொறியாளர்கள் தனித்தனியே வந்தடைந்த முடிவு ஒன்றுதான்: இந்த வகை வண்டியில் பின்பக்கத்தின் சாய்வு எதிர்ப்பைக் குறை, முன்பக்கத்தில் கூட்டு. அதே வண்டிகளுக்கு இன்று விறைப்பான பின் ஸ்பிரிங்கை மேம்பாடு என்று மாட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது டயர் பற்றியது. இந்த வண்டிகளில் பல குறுக்கிழை டயருக்காக வடிவமைக்கப்பட்டவை. இன்றைய ரேடியல் டயர் அதிகம் பிடிக்கிறது, அதிகப் பிடியில் அதிகச் சாய்வு, ஆகவே பழைய விறைப்பு போதாது என்பார்கள். முற்றிலும் உண்மை. எவ்வளவு போதாது என்பதே கேள்வி. மேலே பார்த்த 1,000 கிலோ கார், பார் இல்லாமல் 1.25 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங்கோடு, 0.6 ஜி-யில் நாலரை டிகிரி அளவு சாயும். புது டயரால் 0.75 ஜி வரை போனால் கிட்டத்தட்ட ஆறு டிகிரியை நெருங்கும். அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மொத்தச் சாய்வு விறைப்பை ஏறத்தாழ 22 சதவீதம் கூட்டினால் போதும். மிதமான ஒரு முன்பார் இதைத் தரும். ஸ்பிரிங்கைக் கொண்டே செய்தாலும் அதிர்வெண் 1.25இலிருந்து 1.38க்குப் போகும், அதுவும் தாங்கக்கூடியதே. ஆக டயர் வாதம் 20 சதவீத மாற்றத்தை நியாயப்படுத்துகிறது. கடையில் கிடைக்கும் இரு மடங்கு விறைப்பை அது நியாயப்படுத்தவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் ஸ்ட்ரட் வகை முன்சஸ்பென்ஷன் கொண்ட வண்டிகளிலிருந்து வருகிறது. பி.எம்.டபிள்யூ. 2002, ஃபோர்டு எஸ்கார்ட் போன்றவற்றில் உடல் சாயும்போது வெளிப்பக்க டயரும் ஏறக்குறைய அதே அளவு சாய்ந்து தன் விளிம்பில் நிற்கிறது. அங்கே சாய்வைக் குறைப்பது டயரை நிமிர்த்துகிறது. முன்பாரைத் தடிக்க வைத்தும் முன்பிடி கூடுவதைக் காணலாம். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கும் தீர்வு பாரும் சக்கரக் கோணத்தைச் சரிசெய்வதும்தான். பந்தயக் கார்கள் விறைப்பாகத்தானே இருக்கின்றன என்பது மூன்றாவது வாதம், மூன்றிலும் பலவீனமானது. 1950, 60களின் பந்தயக் கார்கள் இன்றைய கண்ணுக்கு மிக மென்மையானவை. ஸ்பிரிங்குகள் கல்லாக இறுகியது, 1977, 78இல் லோட்டஸ் 78ம் 79ம் வண்டிக்கு அடியில் பாயும் காற்றைக் கொண்டு தரையோடு அழுத்திப்பிடிக்கத் தொடங்கிய பிறகு. தரைக்கும் உடலுக்கும் இடைவெளி மாறாமல் இருந்தால்தான் அந்த உத்தி பலிக்கும். அந்தத் தேவை இல்லாத வண்டி அந்தத் தண்டனையை ஏற்க வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு குரல் உண்டு: தொழிற்சாலை கொடுத்ததைத் தொடாதே. இதில் பாதி ஞானம் இருக்கிறது. ஆனால் இன்று வண்டியில் இருப்பது தொழிற்சாலை கொடுத்ததுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் வயதானால் இளகிவிடும் என்று சொல்வது தவறு; எஃகின் நெகிழ்வுத்தன்மை ஆண்டுகளால் மாறுவதில்லை. மாறுவது உயரம். ஸ்பிரிங் நிரந்தரமாகக் குட்டையாகிவிடுகிறது, வண்டி தாழ்ந்து உட்காருகிறது, சக்கரம் சற்றே ஏறியதும் ரப்பர் தடுப்பில் மோதுகிறது. அந்த மோதலைத்தான் ஓட்டுபவர் இளகல் என்று எண்ணி விறைப்பானதைத் தேடுகிறார். அவருக்கு வேண்டியது அதே விறைப்பில் சரியான உயரமுள்ள புது ஸ்பிரிங். லீஃப் ஸ்பிரிங்கில் இன்னொரு சிக்கல்: பட்டைகளுக்கிடையே துரு ஏறினால் சிறு மேடுகளுக்கு அது அசையவே மறுக்கும். பிரித்து, சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து மாட்டினால் புது ஸ்பிரிங் வாங்கும் எண்ணமே போய்விடலாம். அம்பாசிடரின் பழைய மாடல்களிலும், இலங்கையில் இன்னும் ஓடும் மோரிஸ் மைனரிலும் முன்னால் இருப்பது முறுக்குக் கம்பி. அதன் திருகை முடுக்கினால் முன்பக்கம் உயருமே தவிர விறைப்பு கூடாது. பலர் கூடிவிட்டதாக நம்பித்தான் முடுக்குகிறார்கள்.

தாழ்த்துவது பற்றியும் சொல்ல வேண்டும். சுருளில் ஒரு சுற்றை வெட்டினால் உயரம் குறைவதோடு விறைப்பும் கூடுகிறது. எட்டுச் சுற்று ஏழானால் 14 சதவீதம். அதைவிட மோசம், இரட்டைக் கை சஸ்பென்ஷனில் வண்டி தாழும்போது, எந்தப் புள்ளியைச் சுற்றி உடல் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் சாய்க்கும் விசையின் பிடியும் கூடும். சாய்வைக் குறைக்கத் தாழ்த்தியவர் சாய்வைக் கூட்டிக்கொள்கிறார், பிறகு அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங்கைத் தேடுகிறார். ஷாக் அப்சார்பரும் இதில் சேர்ந்துகொள்கிறது: ஸ்பிரிங்கை 40 சதவீதம் விறைப்பாக்கினால், அதே ஷாக் அப்சார்பரின் கட்டுப்படுத்தும் விகிதம் 15 சதவீதம் இறங்கும். ஏற்கெனவே தேய்ந்துபோன பழைய நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர்களுக்கு இது தாங்காது.

ஆகவே செய்யும் வரிசை இதுதான்: ஓட்டுபவரும் பாதி டேங்க் பெட்ரோலும் இருக்க நான்கு மூலைகளின் எடையை அளப்பது, நெம்புகோல் விகிதத்தைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகச் சக்கரத்தைத் தூக்கி அளப்பது, சாலைக்கு ஏற்ற அதிர்வெண்ணைத் தீர்மானித்து ஸ்பிரிங்கை முடிவு செய்வது, புஷ்களையும் ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்பச் சரிசெய்வது. இத்தனைக்கும் பிறகே பார், அதுவும் முன்பாரில் தொடங்கி. திறந்த உடல் கொண்ட வண்டிகளில் பார் பிடிக்கும் இடங்களை வெல்டிங் விரிசல் உண்டா என்று முன்னதாகப் பார்த்துவிட வேண்டும். தகடே முறுகும் வண்டியில் தடித்த பார் தகட்டைத்தான் முறுக்கும். முன்பார் போட்டபின் வண்டி வளைவில் நேரே தள்ளிக்கொண்டு போனால், பின்பார் வாங்குவதற்கு முன் பாரின் இணைப்பை நுனியை நோக்கி நகர்த்திப் பார்க்கலாம். நெம்புகோல் நீள நீள விறைப்பு குறையும், செலவும் இல்லை. பின்பார் ஏற்கெனவே இருந்து, வளைவிலிருந்து வெளியேறும்போது உள்சக்கரம் சுழல்கிறது என்றால், வேறெதையும் தொடும் முன் அதைக் கழற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும்.